சைக்கிளுக்கு பேட்டரி கட்டப் போகிறீர்களா? முதலில் செல்லைச் சோதியுங்கள்

என் மின்சார சைக்கிளுக்கான பேட்டரியை நானே கட்டிக்கொண்டேன். இன்று அது நன்றாக ஓடுகிறது. ஆனால் இந்த நிலைக்கு வந்து சேர 26,000 ரூபாயும், ஏறக்குறைய ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் ஆயின. கம்பெனியின் புது பேட்டரியையே வாங்கியிருந்தால் 18,500 ரூபாயில் முடிந்திருக்கும். பணம் போனதைவிடப் பெரிய விஷயம், நடுவில் ஓர் இரவு வீட்டுக்குள் தீப்பிடிக்கும் நிலை வந்தது. இணையத்தில் தேடியபோது எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பேட்டரிக்குள் இருக்கும் செல்லை அடுக்குவதையும் ஒட்டுவதையும் காட்டும் வீடியோக்கள்தாம். கடையிலிருந்து வந்த செல்லை ஒட்டுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும், எந்தச் செல்லைத் தொடவே கூடாது என்று ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு வீடு சென்னை மடிப்பாக்கத்தில். வேலை கிண்டி தொழிற்பேட்டையில், ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுவது. போக வர ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர். வேளச்சேரி நெரிசலில் பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போய் 250 வாட் மோட்டார் கொண்ட மின்சார சைக்கிளை வாங்கினேன். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்பது பெரிய வசதி. முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. பிறகு பேட்டரி சுருங்க ஆரம்பித்தது. முப்பது கிலோமீட்டர் போனது இருபதாயிற்று, பிறகு பன்னிரண்டாயிற்று. மாலையில் வேளச்சேரி தாண்டும் முன்பே மோட்டார் நின்றுபோய், அந்தக் கனமான வண்டியை வெறும் காலால் மிதித்துக்கொண்டு வீடு வந்து சேர்வேன். கம்பெனியில் கேட்டால், அந்த மாடலே நின்றுவிட்டது, பேட்டரி வர மூன்று மாதம் ஆகலாம், விலை 18,500, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். உள்ளே இருப்பது வெறும் செல்கள்தானே, நாமே கட்டிவிடலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

கணக்கு எளிது. இந்த சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற உருளைச் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். பத்துச் செல்லைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், முழு சார்ஜில் 42 வோல்ட். தூரம் அதிகம் போக வேண்டுமானால் ஒவ்வொரு படியிலும் ஒரு செல்லுக்குப் பதில் நான்கு செல்லைப் பக்கம் பக்கமாக இணைத்து ஒரு குழுவாக்க வேண்டும். ஆக, நாலு செல் கொண்ட பத்துக் குழுக்கள், மொத்தம் நாற்பது செல்கள். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 2600 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-ஹவர்) என்றால் பேட்டரி 10.4 ஆம்பியர்-ஹவர், சுமார் 370 வாட்-ஹவர். மிதமாக மிதித்துக்கொண்டே போனால் முப்பது கிலோமீட்டருக்கு அது தாராளம்.

2600 என்று அச்சிட்ட செல்லை ஓர் இணையக் கடையில் 140 ரூபாய்க்குப் போட்டிருந்தார்கள். புதியது, முதல் தரம் என்று எழுதியிருந்தது. நாற்பது செல்லுக்கு 5,600 ரூபாய். பளபளவென்ற உறையுடன் பெட்டி வந்தது. மல்டிமீட்டரை வைத்து அளந்தபோது ஒன்று 3.9 வோல்ட், ஒன்று 3.1, ஒன்று 2.4. இரண்டு செல்கள் 1 வோல்ட்டுக்கும் கீழே கிடந்தன. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “வழியில் அப்படி இறங்குவது சகஜம் சார், சார்ஜ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்றார். அவர் சொன்னது பொய். இந்த அனுபவம் முழுவதிலும் மிக முக்கியமான இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தொழிற்சாலையிலிருந்து வரும் புதுச் செல் பாதிக்கும் குறைவான சார்ஜில், 3.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஒரே பெட்டியில் வந்த செல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். வித்தியாசம் இருந்தால் இரண்டாவது தசம இடத்தில்தான் இருக்கும். ஒன்று 3.9, இன்னொன்று 2.4 என்று சிதறியிருந்தால் அவை பல இடத்திலிருந்து பொறுக்கப்பட்டவை என்று அர்த்தம். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே விழுந்து கிடந்த செல்லை எந்தக் காரணத்துக்காகவும் உயிர்ப்பிக்கக் கூடாது. அவ்வளவு கீழே போன செல்லுக்குள் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் தப்பான இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் அந்தச் செல் 4.2 வோல்ட்டைக் காட்டிக்கொண்டு சாதுவாகத்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. 18650 அளவில் நல்ல கம்பெனிகள் செய்யும் செல்லே 3600 எம்.ஏ.எச்.சைத் தாண்டுவது அரிது. 5000, 9900 என்றெல்லாம் அச்சிட்டு விற்றால் யோசிக்கவே வேண்டாம், போலி. எடையும் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். முப்பது கிராம் இருந்தால் உள்ளே சரக்கு இல்லை.

விற்றவர் சொன்னபடி சார்ஜ் போட்டேன், எல்லாம் 4.2-க்கு வந்துவிட்டன. பட்டையைச் செல்லோடு புள்ளி புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்கிற்கு 1,800 ரூபாயில் ஒரு சின்னக் கருவி, பேட்டரியைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். அட்டை 650, நிக்கல் பட்டை 450, செல் தாங்கிகள், காப்புத் தாள், சுருங்கும் உறை எல்லாம் சேர்த்து 500. முதல் பேட்டரி பேக்குக்கு ஆன செலவு மொத்தம் 9,000. பழைய சார்ஜர் நல்ல நிலையில் இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன். கட்டி முடித்து மாட்டியதும் வண்டி பழைய வேகத்தில் பறந்தது. நல்ல நூறடிச் சாலை ஒன்று கிடைத்தால் வீட்டுக்கு வர மனமே வராது. அந்த வாரம் முழுவதும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மகிழ்ச்சி அதிக நாள் நிலைக்கவில்லை. ஒருநாள் மாலை, அளவு காட்டும் விளக்கில் பாதி சார்ஜ் மீதம் இருக்கும்போதே மோட்டார் பட்டென்று நின்றது. ஐந்து நிமிடம் நின்று சாவியை அணைத்துப் போட்டால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நிற்கும். போகப் போக பதினொரு கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. பி.எம்.எஸ். கெட்டுப்போயிற்று என்று நினைத்து இணையம் முழுக்கத் துழாவினேன். உண்மையில் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. பத்துப் பேர் கைகோத்து நடக்கும்போது ஒருவர் களைத்து உட்கார்ந்தால் மற்ற ஒன்பது பேரும் நின்றாக வேண்டும் அல்லவா, தொடரில் இருக்கும் குழுக்களும் அப்படியே. ஒரு குழு பலவீனமாக இருந்தால் அதன் மின்னழுத்தம்தான் முதலில் விழும். உடனே முழு பேட்டரியையும் பி.எம்.எஸ். நிறுத்திவிடும். சார்ஜ் ஏற்றும்போதும் அந்தக் குழுவே முதலில் 4.2-ஐத் தொடும், மற்றவை நிறையும் முன்பே சார்ஜ் நின்றுவிடும். குழுக்களைச் சமன் செய்யும் வசதி பி.எம்.எஸ்.ஸில் உண்டுதான். ஆனால் சாதாரண அட்டைகளில் அது சில பத்து மில்லி ஆம்பியர் அளவில்தான் நடக்கும். சிறு வித்தியாசத்தைத்தான் அது சரிக்கட்டும், கொள்ளளவே இல்லாத செல்லுக்குக் கொள்ளளவைக் கொண்டுவந்து கொடுக்காது.

ஒவ்வொரு குழுவையும் மல்டிமீட்டரால் அளந்து ஒரு நோட்டில் எழுதி வந்தேன். வண்டியை எடுக்காமல் ஒரு வாரம் சும்மா வைத்திருந்தபோது ஒன்பது குழுக்கள் 4.1 வோல்ட்டிலேயே இருக்க, ஏழாவது குழு மட்டும் 3.6-க்கு இறங்கியிருந்தது. அது எவ்வளவு பெரிய அபாயச் சங்கு என்று சொல்ல அப்போது என் பக்கத்தில் யாரும் இல்லை. நீங்கள் இப்படி ஒன்றைப் பார்த்தால் அந்த பேட்டரிக்கு இனி சார்ஜ் போடாதீர்கள். சும்மா இருக்கும்போதே ஒரு குழு தானாக இறங்குகிறது என்றால் அதில் ஒரு செல் உள்ளுக்குள் கசிகிறது. பக்கத்தில் இருக்கும் மூன்று செல்களும் தங்கள் மின்சாரத்தை அதற்குள் கொட்டிக்கொண்டிருக்கின்றன. பி.எம்.எஸ். குழுவின் மொத்த மின்னழுத்தத்தை மட்டுமே பார்க்கும். குழுவுக்குள் ஒரு செல் மற்ற மூன்றையும் தின்றுகொண்டிருப்பது அதன் கண்ணில் படாது. பி.எம்.எஸ். இருக்கிறதே, பயம் எதற்கு என்று பலரும் சொல்கிறார்கள். எந்தச் செல்லைப் போட்டாலும் அது காப்பாற்றிவிடும் என்று நம்பாதீர்கள்.

எங்கள் வீட்டில் சார்ஜ் போட வசதியான பிளக் வாசற்கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரிக்கு மேலே இருந்தது. ஓர் இரவு பதினொரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி வந்து என்னை உலுக்கினாள். “என்னங்க, நகப்பாலிஷ் அழிக்கிற மருந்து மாதிரி வாசனை வருகிறது, பாப்பா எதையாவது கொட்டிவிட்டாளா?” என்றாள். எழுந்து போனால் கூடம் முழுக்கத் தித்திப்பு கலந்த ஒரு காரவாடை. பேட்டரியின் நீல உறையில் ஒரு பக்கம் மட்டும் தொட முடியாத சூடு. செல்லுக்குள் இருக்கும் திரவம் வெளியேறும்போது வரும் வாடை அது என்பது பிறகுதான் தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். புகை இன்னும் வரவில்லை என்பதால் அடுப்படித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரியை எடுத்து மொட்டை மாடிக்கு ஓடினேன். வெறும் சிமென்ட் தரையில், எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். விடியும்வரை இரண்டு பேரும் தூங்கவில்லை. கை நடுக்கம் நிற்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. கதவுக்கும் எங்களுக்கும் நடுவில் அது எரிந்திருந்தால் எந்த வழியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம் என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

2022 மார்ச்சில் வேலூரில் மின்சார ஸ்கூட்டரை இரவில் வீட்டில் சார்ஜ் போட்டபோது பிடித்த தீயில் ஒரு தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்துபோனதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். லித்தியம் தீயின் புகை அவ்வளவு கொடியது. அதனால் இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் வாங்கிய பேட்டரியோ கையால் கட்டிய பேட்டரியோ, வெளியேறும் வழியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள், எல்லாரும் தூங்கும்போது போடாதீர்கள். சிமென்ட் தரையில், துணியும் அட்டைப்பெட்டியும் இல்லாத இடத்தில், விழித்திருக்கும்போது போடுங்கள். வாடையோ வீக்கமோ சூடோ தெரிந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். புகை வர ஆரம்பித்துவிட்டால் அதைத் தூக்கவே தூக்காதீர்கள். ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழையுங்கள். சின்னத் தீயணைப்புக் கருவியின் பொடி மேலே தெரியும் சுடரை அடக்கினாலும் செல்லின் சூட்டைத் தணிக்காது, மறுபடி பற்றிக்கொள்ளும். சூட்டைத் தணிக்க ஏராளமான தண்ணீர்தான் வேண்டும்.

மாடியில் இரண்டு நாள் கிடந்த பேட்டரியை மண் போட்ட ஒரு வாளிக்குள் வைத்து, ஆட்டோவில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் பத்தடிக்கு ஒரு கடை பேட்டரி விற்கிறது. ஆனால் கட்டிய பேட்டரியைத் திறந்து பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் ஒரு மாடிப்படியின் கீழே, லேப்டாப் பேட்டரிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். ஏழாவது குழுவிலிருந்து ஒரு செல்லைக் கழற்றி, பிளேடால் அதன் நீல உறையை மெதுவாகக் கீறி உரித்தார். அடிப்பாகத்தை விளக்குக்கு நேரே சாய்த்து என்னிடம் காட்டினார். நான் வைத்த வெல்டிங் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஜோடிப் புள்ளிகள், உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடித்தது போல மங்கலாகத் தெரிந்தன. அவற்றைச் சுற்றி வட்ட வட்டமாகத் தேய்த்த கீறல். பழைய உறையின் பசை கூட ஓரத்தில் ஒட்டியிருந்தது. “இது ஏற்கெனவே இரண்டு வீடு பார்த்துவிட்டு வந்த செல், தம்பி” என்றார். எங்கோ தூக்கியெறிந்த லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, தேய்த்து, புது உறை மாட்டிப் புதியது என்று எனக்கு விற்றிருக்கிறார்கள். அவரிடமே கொடுத்துக் கொள்ளளவைச் சோதித்தபோது பெரும்பாலானவை 1,150-க்கும் 1,900-க்கும் நடுவில் இருந்தன. சில 600-ஐக் கூடத் தொடவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பணத்துக்காக மட்டும் இல்லை. என் குழந்தை தூங்கும் வீட்டுக்குள் அதை அனுப்பியிருக்கிறார்கள். விற்றவர், திருப்பி அனுப்பும் ஏழு நாள் தாண்டிவிட்டது, வெல்டிங் செய்த செல்லைத் திரும்பப் பெற மாட்டோம் என்றார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். ஒட்டுவதற்கு முன் எடுத்த படமோ, அளந்த எண்களோ என்னிடம் இல்லாததால் புகார் வலுவிழந்து போயிற்று. அதனால் சொல்கிறேன்: பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் எண் எழுதி, அதன் மின்னழுத்தத்தை மீட்டருடன் சேர்த்துப் படம் பிடியுங்கள். ஒரு செல்லின் உறையை உரித்து இரண்டு முனையையும் பாருங்கள். நாற்பதில் ஒன்றைப் பலி கொடுப்பது நஷ்டமே இல்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இத்தனையையும் செய்துவிடுங்கள். வெல்டிங் வைத்த பிறகு எந்தக் கடையும் உங்களோடு பேசாது.

இரண்டாவது முறை செல்லை நேரில் போய் வாங்கினேன். வரிசை எண்ணும் தயாரித்த தேதியும் ஒரே தொகுதியாக இருக்கும் மூடிய பெட்டி, பில்லோடு. செல் ஒன்றுக்கு 270, நாற்பதுக்கு 10,800 ரூபாய். அளந்தால் எல்லாம் 3.52, 3.53. நான்கு அறை கொண்ட கொள்ளளவு சோதிக்கும் சார்ஜர் ஒன்றை 2,900-க்கு வாங்கினேன். ஒரு செல்லை முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி, மறுபடி ஏற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நான்கு நான்காக வைத்து எடுத்ததில் வாரக்கணக்கில் ஓடியது. பொறுமை போகத்தான் செய்யும். ஆனால் செல்லைத் தனித்தனியாக விசாரிக்க அதைவிட்டால் வேறு வாய்ப்பே கிடையாது. சோதித்தவை 2,540-க்கும் 2,590-க்கும் இடையில் நின்றன. பிறகு எல்லாவற்றையும் சும்மா இரண்டு வாரம் வைத்து மறுபடி அளந்தேன். தானாகக் கசியும் செல் இருந்தால் இந்த இடைவெளியில்தான் அகப்படும். எதுவும் அசையவில்லை. உள்மின்தடையையும், அதாவது செல்லுக்குள் மின்சாரத்துக்கு இருக்கும் எதிர்ப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். மலிவான கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் மற்ற எல்லாம் ஒன்றுபோல் இருக்க ஒன்று மட்டும் இரு மடங்கு காட்டினால் அதை ஒதுக்கிவிடுங்கள். குழுப் பிரிக்கும்போது நான்கு செல்லின் கொள்ளளவைக் கூட்டினால் பத்துக் குழுவுக்கும் ஒரே தொகை வருமாறு மாற்றி மாற்றி அடுக்கினேன். கணக்குப்பிள்ளைக்கு அது மட்டும் சுகமான வேலை.

நிக்கல் பட்டையிலும் ஏமாற்று உண்டு. இரும்புப் பட்டைக்கு நிக்கல் முலாம் பூசி நிக்கல் என்றே விற்கிறார்கள். இரும்புக்கு மின்தடை அதிகம், அதே மின்சாரத்துக்கு அதிகம் சூடாகும், நம் ஊர்க் கடற்காற்றில் துருவும் பிடிக்கும். பட்டையைக் கத்தியால் ஆழமாகக் கீறி உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டு வையுங்கள். கீறலில் செந்துரு வந்தால் இரும்பு. கிரைண்டரில் வைத்தால் இரும்பு பொறி பறக்கும், நிக்கல் பறக்காது. முதல் பேக்கில் நான் வாங்கியிருந்தது இரும்பு. இரண்டாவதற்கு 700 ரூபாயில் நல்ல நிக்கல் வாங்கி, வெல்டிங்கை அந்தப் பெரியவரிடமே 1,000 ரூபாய் கூலிக்குக் கொடுத்தேன். வெல்டிங் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, பழைய செல் ஒன்றில் ஒட்டி இடுக்கியால் பட்டையைப் பிய்த்துக் காட்டினார். புள்ளி இருந்த இடத்தில் நிக்கல் கிழிந்து செல்லோடு தங்கிவிட்டால் நல்ல ஒட்டு. சுத்தமாகப் பெயர்ந்து வந்தால் ஒட்டவில்லை. செல்லின் மேல் நேராக சால்டரிங் வைக்காதீர்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பைக் கெடுத்துவிடும்.

அடுக்கும்போது அலட்சியம் செய்யவே கூடாதது, பிளஸ் முனையில் ஒட்டும் காப்பு வளையம். 18650-இல் நடுவில் இருக்கும் பொத்தான் மட்டும்தான் பிளஸ். அதைச் சுற்றியிருக்கும் விளிம்பு உட்பட உடம்பு முழுவதும் மைனஸ். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே. நம் சாலையின் வேகத்தடைகளில் மாதக்கணக்கில் குலுங்கினால் பட்டையின் ஓரம் அந்த உறையை அறுத்துவிடும், அந்த நொடியே ஷார்ட். ஒரு பொட்டலம் காப்பு வளையத்தின் விலை ஒரு காபிக்கு ஆகும் தொகைதான். வேலை செய்யும்போது மோதிரம், கைக்கடிகாரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பி.எம்.எஸ்.ஸின் மெல்லிய கம்பிகளை மாட்டுவதற்கு முன், அந்தக் கனெக்டரிலேயே மைனஸிலிருந்து வரிசையாக அளந்து பாருங்கள். 3.5, 7, 10.5 என்று ஒரே சீராக 35 வரை ஏற வேண்டும். நடுவில் ஒரு எண் தாவினாலோ இறங்கினாலோ கம்பி மாறியிருக்கிறது, அப்படியே மாட்டினால் அட்டை கருகிவிடும். இரண்டாவது பேக்கில் 950 ரூபாய்க்குக் கொஞ்சம் தரமான பி.எம்.எஸ்., பிளஸ் கம்பியில் பேட்டரியை ஒட்டியே ஒரு ஃப்யூஸ். ஃப்யூஸ், கனெக்டர், காப்புத் தாள் எல்லாம் 650. ஆக இரண்டாவது பேக் 17,000. முதலாவதையும் சேர்த்தால் நான் மேலே சொன்ன 26,000.

சென்னைக்கென்று சில வழக்கங்களையும் பழக்கிக்கொண்டேன். மே மாத வெயிலில் நின்ற வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சார்ஜ் போடுவதில்லை, பேட்டரியின் சூடு ஆறும்வரை ஒரு மணி நேரமாவது விட்டுவிடுகிறேன். 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றுவதைப் பெரும்பாலான செல் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போகிறேன். முழுதாக நிறைத்து வெயில் காலத்தில் மூடி வைப்பது செல்லைச் சீக்கிரம் கிழடாக்கும். பேட்டரிப் பெட்டியில் கம்பி நுழையும் துளை கீழ்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், மேலே இருந்தால் மழைநீர் கம்பி வழியாகவே உள்ளே இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாட்களில் வண்டியை எடுப்பதே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, கட்டலாமா வேண்டாமா என்று கேட்டால், பணம் மிச்சமாகும் என்பதற்காகக் கட்டாதீர்கள் என்பேன். நல்ல செல்லும் சோதனைக் கருவியும் சேர்ந்தாலே கம்பெனி விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். உங்கள் மாடலுக்கு பேட்டரி கிடைக்காமல் போய்விட்டது, அல்லது இந்த வேலை உண்மையிலேயே பிடித்திருக்கிறது என்றால் கட்டுங்கள். அப்போதும், சைக்கிளில் இடம் இருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வேறு வகைச் செல்லைப் பாருங்கள். ஒரு செல் 3.2 வோல்ட் என்பதால் 36 வோல்ட் வண்டிக்குப் பன்னிரண்டு தொடர் வேண்டும், சார்ஜரும் 43.8 வோல்ட்டுக்குத் தனியாக வாங்க வேண்டும், எடையும் கூடும். ஆனால் சூடாகிச் சீறும் குணம் அதற்கு வெகு குறைவு. மரை வைத்த பெரிய செல்களாக வாங்கினால் வெல்டிங்கே வேண்டாம், ஸ்பானரால் முடுக்கிவிடலாம், ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். என் வண்டியின் சட்டத்துக்குள் அது அடங்கவில்லை. அடங்கியிருந்தால் வேறு எதையும் யோசித்திருக்க மாட்டேன். 36 வோல்ட் வண்டிக்கு 48 வோல்ட் பேட்டரி போட்டு வேகம் கூட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் தாங்குமா என்பது ஒரு பக்கம் இருக்க, 25 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டிய வண்டி சட்டப்படி சைக்கிள் இல்லை. பதிவும் காப்பீடும் இல்லாமல் விபத்தில் மாட்டினால் காலம் முழுக்க நஷ்டஈடு கட்ட வேண்டியிருக்கும்.

கெட்ட செல்களை என்ன செய்வது என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் பகுதியில் 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தபோது நாள்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நாங்கள். குப்பையை அழுத்தி ஏற்றும் வண்டிக்குள் லித்தியம் செல் நசுங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு தெருக் குப்பையில் போட மனம் வரவில்லை. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படியும், பழைய பேட்டரியை மற்ற வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது, சேகரிக்கும் அல்லது மறுசுழற்சி செய்யும் இடத்தில் கொடுக்க வேண்டும். விசாரித்து, அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். முனைகள் திறந்திருந்ததால் அப்படியே வாங்க மறுத்துவிட்டார்கள். இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் வாங்கி வந்து, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு செல்லின் இரண்டு முனையையும் ஒட்டிக் கொடுத்தேன். நீங்கள் போகும்போது வீட்டிலேயே ஒட்டி எடுத்துக்கொண்டு போங்கள்; இரும்பு டப்பாவில் போடாதீர்கள், பிளாஸ்டிக் வாளியில் மணல் போட்டு அதற்குள் வையுங்கள்.